எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர், கையில் நாற்பது நாள்: எதை முதலில் முடிப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். சேலத்தில் எம்.எஸ்சி. வேதியியல், நான்காம் செமஸ்டர். வீடு ஏற்காட்டுக்கு அப்பால் ஒரு மலைக் கிராமம், தங்கியிருப்பது கீழே விடுதியில். தேர்வுக்கு நாற்பது நாள் இருக்கிறது. காபி இலைச் சாற்றில் வெள்ளி நானோ துகள் செய்யும் புராஜெக்ட் பாதியில் நிற்கிறது. அதோடு மூன்று தாள், ஒரு பிராக்டிகல், போன செமஸ்டரில் விட்ட பிசிக்கல் கெமிஸ்ட்ரி அரியர் ஒன்று. ராத்திரி இரண்டு மணி வரை தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, எல்லோரும் முன்னால் போய்விட்ட மாதிரி இருக்கிறது. கடைசியில், “எனக்கு சயின்ஸே ஒத்துவரவில்லையோ, நின்றுவிடலாமா?” என்று முடித்திருக்கிறீர்கள்.

மன அழுத்தத்தைக் குறைக்க வழி கேட்டிருந்தாலும், எழுதியதை ஊன்றிப் படித்தால் உள்ளே மூன்று கேள்விகள் ஒன்றாகச் சுருண்டு கிடக்கின்றன. வேலையை எந்த வரிசையில் முடிப்பது, உடம்பு காட்டுகிற அறிகுறிக்குப் பயப்பட வேண்டுமா, படிப்பை விடலாமா. நான் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுக்கும் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், மருத்துவர் அல்ல. முதல் கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்குப் பாதிதான் முடியும். மூன்றாவதை இப்போது முடிவு செய்யக் கூடாது என்பதுதான் அதற்கான பதில். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. நாற்பது நாள் என்பது 960 மணி நேரம் என்று மனசு கணக்குப் போடும். உண்மையில் தூக்கம், சாப்பாடு, வகுப்பு, கைடைப் பார்க்கக் காத்திருப்பது, நோ டியூஸ் கையெழுத்துக்கு அலைவது எல்லாம் போக, தலை தெளிவாக வேலை செய்யும் நேரம் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் கிடைத்தாலே நல்ல நாள். அப்படியானால் மொத்தம் 240 மணி நேரம். மூன்று தாளுக்கு 35 வீதம் 105, அரியருக்கு 40, புராஜெக்ட்டுக்கு 60, பிராக்டிகலுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் 25. கூட்டினால் 230. பத்து மணி நேரம் கையிருப்பு. இறுக்கமான கணக்குதான், ஆனாலும் முடியாத கணக்கு இல்லை. இதைத் தாளில் எழுதி விடுதி அறைச் சுவரில் ஒட்டுங்கள். தலைக்குள் வைத்திருக்கும் வரை எல்லா வேலையும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். தாளில் இறங்கியதும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை கிடைத்துவிடும்.

இந்தப் பட்டியலில் எல்லையே இல்லாத வேலை ஒன்று உண்டு, அது புராஜெக்ட். தேர்வுக்குத் தேதி இருக்கிறது, ரெக்கார்டுக்குப் பக்க எண்ணிக்கை இருக்கிறது. சோதனைக்கு மட்டும் “போதும்” என்று யாரும் சொல்வதில்லை. இன்னொரு முறை செய்தால் நிறம் நன்றாக வரும், இன்னொரு செறிவில் பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டே போகும். கடைசி செமஸ்டரில் நொடிந்து உட்காரும் மாணவர்களில் பெரும்பாலோரைப் படிப்பு படுத்துவதில்லை, இந்த முடிவில்லாத சோதனைதான் படுத்துகிறது. ஆகவே இன்றிலிருந்து பத்தாவது நாளை லேப் வேலை மூடும் நாளாகக் குறித்துவிடுங்கள். அன்று மாலை கையில் என்ன தரவு இருக்கிறதோ அதுதான் உங்கள் ஆய்வேடு. முதுகலைப் புராஜெக்ட்டுக்கு யுவி-விசிபிள் (ஒளி உறிஞ்சல்), எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை), எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் விளிம்பு விலகல்) மூன்றும் சரியாக இருந்து, ஒரே ஒரு பயன்பாட்டுச் சோதனை இருந்தால் போதும். டிஇஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படம் இல்லாததால் யாரும் உங்களைத் தோல்வி போடப் போவதில்லை. சென்னை ஐஐடி, கொச்சிப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களின் கருவி மையங்களுக்கு இப்போது மாதிரி அனுப்பினால் வரிசையில் நின்று முடிவு வர வாரக்கணக்கில் ஆகலாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் வந்தபோது சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்காக அத்தியாயத்தைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டாம்.

அந்தப் பத்து நாளில் செய்ய வேண்டியது: நன்றாகக் கழுவிய இலை 10 கிராம், வாலை வடிநீர் 100 மில்லி, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே 15 நிமிடம், ஆறியதும் வாட்மேன் 1-ஆம் எண் வடிதாள். சில்வர் நைட்ரேட் 1 மில்லிமோலார் கரைசல் 250 மில்லிக்கு 0.0425 கிராம்; பழுப்பு பாட்டிலில், வெளிச்சம் படாமல். 90 மில்லிக்குச் சாறு 10 மில்லி. வெளிர்மஞ்சள் பழுப்பாக மாறி, யுவியில் 400க்கும் 450 நானோமீட்டருக்கும் இடையே மேடு வந்தால் துகள் உருவாகிவிட்டது. நிறம் மாறாமல் வெள்ளையாகக் கலங்கினால் அது துகள் இல்லை, சில்வர் குளோரைடு. சேலம் விடுதிக் குழாயில் மேட்டூர்த் தண்ணீர் வந்தாலும் போர் தண்ணீர் வந்தாலும் குளோரைடு இருக்கத்தான் செய்யும். அதில் கழுவிய குடுவையை வடிநீரில் அலசாமல் விட்டால் இதுதான் நடக்கும். வடிநீரில் இரண்டு முறை அலசுங்கள், மூன்றாவது முறையும் அலசுங்கள். இத்தனைக்குப் பிறகும் கொஞ்சம் வந்தால் இலைச் சாற்றில் உள்ள குளோரைடாக இருக்கலாம். அதை மறைக்க வேண்டாம், விவாதப் பகுதியில் ஒரு பத்தியாக எழுதலாம். எழுதியவருக்குத் தன் மாதிரி தெரியும் என்பதை எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) அந்தப் பத்தியில்தான் பார்ப்பார்.

எக்ஸ்ஆர்டியைப் பற்றி ஒரு தனிச் சொல், ஏனென்றால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பாதிப் பேர் விழும் குழி இது. காப்பர் கே ஆல்ஃபா கதிரில் வெள்ளியின் உச்சங்கள் 2 தீட்டா 38.1, 44.3, 64.4, 77.4 டிகிரியில் வரும். உங்கள் படத்தில் 27.8, 32.2, 46.2 என்று மூன்று கூடுதலாக நின்றால் மேலே சொன்ன சில்வர் குளோரைடுதான் அது. “இதர கரிமப் பொருள்” என்று எழுதி நகரக் கூடாது. துகளின் அளவுக்கு ஷெரர் சமன்பாடு: 0.9 பெருக்கல் அலைநீளம், கீழே உச்சத்தின் பாதி உயர அகலம் பெருக்கல் காஸ் தீட்டா. அகலத்தை ரேடியனில் போட வேண்டும். தீட்டா என்பது 2 தீட்டாவில் பாதி. 38.1 டிகிரி உச்சத்துக்கு அகலம் 0.5 டிகிரி என்றால், 0.5 டிகிரி 0.00873 ரேடியன். அலைநீளம் 0.15406 நானோமீட்டர், காஸ் 19.05 என்பது 0.945. விடை சுமார் 16.8 நானோமீட்டர். ரேடியனாக மாற்ற மறந்தால் 0.29 வரும், அதாவது ஒரே ஒரு வெள்ளி அணுவின் குறுக்களவு. இந்த விடையை அட்டவணையில் போட்டு, கீழே “மிகச் சிறிய துகள்கள் கிடைத்தன” என்று பெருமையோடு எழுதிய ஆய்வேடுகள் நம் ஊரில் குறைவில்லை. இன்னொன்று, ஷெரர் தருவது படிகத்தின் அளவு. துகளின் அளவு அதைவிடப் பெரிதாக இருக்கலாம். இந்த ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னாலே வைவாவில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கைடு இந்த நேரத்தில் “ஒரு ஆன்டிபாக்டீரியலும் போட்டுடலாமே” என்பார். நியாயமான ஆசைதான். ஆனால் முறையாகச் செய்தால் ஒரு வாரம் பிடிக்கும்: முல்லர்-ஹின்டன் அகார் லிட்டருக்கு 38 கிராம், தட்டில் 4 மில்லிமீட்டர் தடிப்பு, 0.5 மெக்ஃபார்லேண்ட் (கிருமி அடர்த்திக்கான அளவுகோல்) கலங்கலுக்குச் சமமான கிருமி, 37 டிகிரியில் 18 முதல் 24 மணி நேரம், ஒவ்வொன்றும் மூன்று தட்டு. சாறு மட்டும், சில்வர் நைட்ரேட் மட்டும் என்று ஒப்பீட்டுக் குழிகளும் வேண்டும். இல்லாவிட்டால் கிருமியைக் கொன்றது துகளா, மிச்சமிருந்த சில்வர் அயனியா என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. பத்து நாளுக்குள் மைக்ரோபயாலஜி துறையில் இடம் கிடைத்தால் செய்யுங்கள். கிடைக்காவிட்டால் கைடிடம் போய் நின்று மென்று விழுங்க வேண்டாம். ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: முடிந்தது என்ன, மீதி என்ன, எந்தத் தேதியில் எந்த அத்தியாயம் தருவேன். “மேடம், ஆன்டிபாக்டீரியல் செய்தால் மூன்று ரெப்ளிகேட்டோடு ஒரு வாரம் ஆகும், அப்போது திருத்த வேண்டிய டிராஃப்ட் உங்களிடம் ஐந்து நாள் தாமதமாக வரும். எது முக்கியம் என்று நீங்களே சொல்லுங்கள் மேடம்” என்று கேளுங்கள். தேதியோடு கேட்ட கேள்விக்குத் தேதியோடு பதில் வரும். பெரும்பாலான கைடுகள் பேய் இல்லை. பத்து மாணவர்களின் புராஜெக்ட்டில் உங்களுடையது எங்கே நிற்கிறது என்பது அவர்களுக்கு நினைவில் இல்லை, அவ்வளவுதான்.

எழுதும்போது முன்னுரையில் தொடங்காதீர்கள். முதலில் படங்களும் அட்டவணைகளும், பிறகு செய்முறை, பிறகு முடிவுகள், விவாதம். முன்னுரை அதற்குப் பிறகு, சுருக்கம் எல்லாவற்றுக்கும் கடைசி. முன்னுரையில் ஆரம்பிப்பவர்கள் நானோ தொழில்நுட்ப வரலாறு, காபியின் பூர்வீகம் என்று முப்பது பக்கம் நிரப்பிக் களைத்துப்போவார்கள். கலெக்டர் காக்பர்ன் காலத்தில், 1820களில், ஏற்காட்டுக்குக் காபி வந்த கதைக்கு ஒரு வரி போதும். காபி இலையில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் போன்ற பாலிஃபீனால்கள் வெள்ளி அயனியை எப்படி ஒடுக்கி வெள்ளியாக மாற்றக்கூடும் என்பதற்கு இரண்டு பக்கம் கொடுங்கள். மேற்கோள்களை ஜோட்டேரோ போன்ற இலவச மென்பொருளில் இன்றே ஏற்றுங்கள், கடைசி இரவில் எண் மாற்றிக்கொண்டு உட்கார முடியாது. சீனியரின் ஆய்வேட்டிலிருந்து செய்முறைப் பகுதியை எடுத்து ஒட்டுவது எல்லோரும் செய்வதுதான், மாட்டுவதும் அங்கேதான். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறை முதுகலை மாணவர்களுக்கும் பொருந்தும்: பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை, 10 முதல் 40 வரை திருத்தி மறுபடி தர வேண்டும், 40ஐத் தாண்டினால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மேற்கோள் பட்டியல் அந்தக் கணக்கில் சேராது. பைண்டிங் கடையில் ஏப்ரல் மாதம் கூட்டம் நெரியும், ரெக்சின் அட்டையில் பொன்னெழுத்து போட இரண்டு மூன்று நாள் கேட்பார்கள். கைடு, துறைத்தலைவர் கையெழுத்துப் பக்கங்களை முன்னதாகவே அச்சடித்துக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டால் அவர்கள் விடைத்தாள் திருத்தப் போயிருக்கும்போது தேடி அலைய வேண்டாம்.

பிராக்டிகலுக்கு வருவோம். சேலத்தில் ஏப்ரல் மத்தியானம் லேப் வெப்பநிலை 35ஐத் தாண்டும், ஏற்காட்டுக் குளிரில் வளர்ந்தவருக்கு இது இரட்டைத் தண்டனை. வெயில் உடம்பை மட்டும் படுத்தாது, அளவீடுகளையும் கெடுக்கும், அதைத் தெரிந்துகொள்ளாதவர்கள் தங்கள் கைதான் சரியில்லை என்று நொந்துபோகிறார்கள். மெத்தில் அசிடேட் நீராற்பகுப்பு வினைவேக மாறிலி 28 டிகிரியில் இருப்பதைவிட 38 டிகிரியில் இரண்டு மடங்குக்கும் மேல். காலையில் செய்த உங்கள் தோழியின் விடையும் மதியம் செய்த உங்கள் விடையும் ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம். தெர்மாமீட்டர் வைத்து வெப்பநிலையைக் குறித்து, விடைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அதே சோதனையில் முடிவிலி அளவீட்டுக்காக (வினை முழுதாக முடிந்த பின் எடுப்பது) குடுவையைத் திறந்தபடி 60 டிகிரியில் சூடாக்கினால், 57 டிகிரியில் கொதிக்கும் மெத்தில் அசிடேட் ஆவியாகப் போய்விடும், அளவு குறைவாக வரும், வரைபடம் கடைசியில் வளையும். மூடி போட்டுச் சூடாக்குங்கள். கண்டக்டிவிட்டியில் வெப்பநிலை ஒரு டிகிரி ஏற கடத்துதிறன் ஏறக்குறைய 2 விழுக்காடு ஏறும். பொட்டாசியம் குளோரைடின் 25 டிகிரி மதிப்பைக் கொண்டு 35 டிகிரி லேபில் செல் மாறிலி கண்டுபிடித்தால் அங்கேயே 20 விழுக்காடு போயிற்று. டைஎதில் ஈதர் 34.6 டிகிரியில் கொதிப்பது, ஆகவே இந்தப் பருவத்தில் பாட்டிலைப் பனிக்கட்டியில் வைத்த பிறகே திறக்க வேண்டும், பக்கத்தில் பர்னர் எரியக் கூடாது. இவையெல்லாம் ஒன்றிரண்டு வரி விஷயங்கள். அப்சர்வேஷன் நோட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் மேலே சிவப்பில் எழுதி வைத்தால் பிராக்டிகலுக்கான பதற்றம் பெரிதாகக் குறையும்.

அரியர் தாளைப் பார்த்துப் பயப்படுபவர்கள் அதை முதல் அலகிலிருந்து கடைசி அலகு வரை மறுபடி படிக்கத் தொடங்குவார்கள். வேண்டாம். வெளித்தேர்வு 75 மதிப்பெண்ணுக்கு என்றால் தேர்ச்சிக்குப் பொதுவாகப் பாதி, அதாவது 38 வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் விதி மாறலாம், ஒழுங்குமுறைக் கையேட்டில் சரிபாருங்கள். பழைய ஐந்து வினாத்தாளை எடுத்து, எந்த அலகிலிருந்து எத்தனை மதிப்பெண் என்று கோடு போடுங்கள். உங்கள் தாளில் குழுக் கோட்பாடு (மூலக்கூறின் சமச்சீரை வைத்துக் கணக்கிடும் பகுதி) இருந்தால் அதில் தொடங்குங்கள். குவாண்டம் மாதிரி அது உணர்ந்து தெளிய வேண்டிய பாடமில்லை, வழிமுறை தெரிந்தால் விடை தப்பாது. நீர் மூலக்கூறை எடுங்கள், அதன் சமச்சீர்க் குழு சி2வி. ஒவ்வொரு செயலிலும் இடம் மாறாத அணுக்கள் 3, 1, 1, 3. ஓர் அணுவின் பங்கு 3, -1, 1, 1. பெருக்கினால் 9, -1, 1, 3. ஒடுக்கினால் 3ஏ1 + ஏ2 + 2பி1 + 3பி2. இடப்பெயர்ச்சியும் சுழற்சியும் கழித்தால் மிஞ்சுவது 2ஏ1 + பி2, மூன்று அதிர்வுகள். பக்கத்து மாணவருக்கு பி2க்குப் பதில் பி1 வந்திருந்தால் கலங்க வேண்டாம், அவர் மூலக்கூறை எக்ஸ்-இசட் தளத்தில் வைத்திருப்பார். அச்சை முதல் வரியில் வரைந்து காட்டினால் இரண்டும் சரி. அம்மோனியாவுக்கு சி3வியில் 2ஏ1 + 2ஈ வரும். இந்த இரண்டையும் நோட்டைப் பார்க்காமல் போடத் தெரிந்தால் ஒரு பெரிய கேள்வி கையில் இருக்கிறது. அடுத்து ஒரு பரிமாணப் பெட்டித் துகள், அதன் பிறகு மற்றவை.

படிக்கும் முறையைப் பற்றி உறுதியாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடி வைத்துவிட்டு வெற்றுத் தாளில் எழுதிப் பார்ப்பது நீண்ட நாள் நிற்கும். ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது எழுதிப் பார்த்தவர்கள் தாண்டிவிட்டார்கள். தேர்வுக்கு முந்தைய இரவு படித்தது எல்லாம் தெரிகிற மாதிரி இருந்து ஹாலில் காணாமல் போவது இதனால்தான். ஒரு மெக்கானிசத்தை இன்று எழுதினால் நாளை, பிறகு மூன்றாம் நாள், பிறகு ஒரு வாரம் கழித்து எழுதுங்கள். எழுத வராமல் திணறுவது சரியில்லாத அறிகுறி போலத் தோன்றும். அந்தத் திணறலில்தான் பாடம் பதிகிறது.

உடம்பு. “முதுகலை, ஆராய்ச்சி மாணவர்களில் மற்றவர்களைவிட ஆறு மடங்கு பேருக்கு மனச்சோர்வு” என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். 2018-இல் நேச்சர் பயோடெக்னாலஜியில் வந்த கருத்தாய்வு அது. 26 நாடுகள், 2,279 பேர். ஆனால் இணையத்தில் தாமாக வந்து பதில் சொன்னவர்கள் அவர்கள், ஏற்கெனவே கஷ்டத்தில் இருப்பவர்கள்தான் அதிகம் பதில் எழுதியிருக்கலாம். ஆறு மடங்கு என்ற எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை; உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை என்ற அளவுக்கு அதை எடுத்துக்கொள்ளலாம். “கொஞ்சம் பதற்றம் இருந்தால்தான் நன்றாக எழுத முடியும்” என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் யெர்க்ஸ்-டாட்சன் விதியும் 1908-இல் எலிகளை வைத்துச் செய்த சோதனையில் பிறந்தது. தேர்வு ஹாலில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அதை அளவுகோலாக வைக்க முடியாது. ஐயமில்லாதது தூக்கம். படித்தது நினைவில் உறைவது தூக்கத்தில்தான். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. இரவு ஒன்று முதல் நான்கு வரை படிக்கும் மூன்று மணி நேரம் மறுநாளின் ஆறு மணி நேரத்தைத் தின்றுவிடும், அந்த 240 மணிக் கணக்கு அங்கேயே உடையும்.

ஒரு நாளைக்கு ஐந்தாறு காபி என்று எழுதியிருக்கிறீர்கள். மலைக்காரரிடம் காபியை விடு என்று சொல்வது நடக்காத காரியம். நேரத்தை மட்டும் மாற்றுங்கள். காஃபின் ரத்தத்தில் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது, ஆளுக்கு ஆள் மாறும். மாலை ஆறுக்குக் குடித்ததில் பாதி ராத்திரி பதினொன்றுக்கும் உள்ளே நிற்கும். காலையில் இரண்டு, மதியம் இரண்டு மணிக்கு முன் ஒன்று, அத்தோடு நிறுத்திப் பாருங்கள். திடீரென்று முழுக்க விட்டால் இரண்டு நாள் தலைவலி வரும், ஆகவே படிப்படியாக. படபடப்பில் ஒரு பகுதி காபியும் பட்டினியும் வெயிலும் சேர்ந்து செய்கிற வேலையாக இருக்கலாம். எவ்வளவு என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஒரு முறை அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபினும் தைராய்டு டிஎஸ்ஹெச்சும் பார்த்துவிடுங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் ரத்தசோகை. களைப்பும் படபடப்பும் அதனாலும் வரும், தைராய்டு கூடினாலும் வரும். அதை “எக்ஸாம் டென்ஷன்” என்று தள்ளிவிட்டால் மாதக்கணக்கில் வீணாக அவதிப்பட வேண்டியிருக்கும். மயக்கம் வந்தாலோ, நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். திடீரென்று படபடப்பு ஏறும்போது நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து நிமிடம். பாடம் தெரியாததை இது சரிசெய்யாது. நடுங்கும் கையில் பியூரெட்டைப் பிடிக்கும் அளவுக்கு உதவும்.

“எதுவும் வேண்டாம் போலிருக்கிறது” என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அது படிப்பு வேண்டாம் என்பதா, இருப்பதே வேண்டாம் என்பதா? நேராகவே கேட்கிறேன். இரண்டாவது என்றால் மேலே எழுதிய எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள், முதலில் இதைச் செய்யுங்கள்: 14416 டெலி-மானஸ், கட்டணமில்லை, எந்த நேரமும், தமிழில் பேசலாம். கூடவே அறைத்தோழியிடமோ வீட்டிலோ ஒருவரிடம் இன்றே வாய்விட்டுச் சொல்லுங்கள், இன்று இரவு தனியாக இருக்க வேண்டாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அந்த அளவுக்கு இல்லை, இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றாலும் அங்கே போகலாம். மருந்து தேவையா, பேசினாலே போதுமா என்பதை அவர்கள் சொல்வார்கள், பதிவைப் படித்த நானோ வேறு யாரோ சொல்லக் கூடாது.

படிப்பை விடுவது பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம் என்றதற்குக் காரணம் எளிமையானது: தூக்கமில்லாத தலை எதை அளந்தாலும் குறைவாகவே அளக்கும். அரியர் ஒன்று விழுந்தது அறிவியல் வராது என்பதற்குச் சாட்சி இல்லை. பிசிக்கல் தாளில் அரியர் வைத்துத் துறைத்தலைவர் ஆனவர்கள் இருக்கிறார்கள். இந்தச் செமஸ்டரில் ஒரு தாளை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தாலும் இழப்பு என்ன என்று பாருங்கள். பல்கலைக்கழக ரேங்க் போகும், சான்றிதழ் ஆறு மாதம் தள்ளிப்போகும். சிஎஸ்ஐஆர் நெட் (ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் விரிவுரையாளர் பணிக்குமான தகுதித் தேர்வு) எழுத முதுகலையில் பொதுப்பிரிவுக்கு 55 விழுக்காடும், ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 50 விழுக்காடும் கேட்கிறார்கள். மொத்த மதிப்பெண்தான் கணக்கு, எத்தனையாவது முயற்சியில் எழுதினீர்கள் என்பதைப் பார்ப்பதில்லை. அப்படி ஒன்றை விடுவதானால் அரியரை விடுங்கள், நவம்பரில் எழுதலாம். புராஜெக்ட்டை விடாதீர்கள், கைடு, கருவி, எக்ஸ்டர்னல் எல்லாம் மறுபடி ஒன்றுசேர அடுத்த ஆண்டு ஆகிவிடலாம்.

தேர்வு நாட்களில் வீட்டிலிருந்து வந்து போகத் திட்டம் போடாதீர்கள். மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் ஏற்காட்டுச் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் நிற்கும், பஸ்ஸில் இடம் கிடைப்பதே பாடு. தாள்களுக்கு இடையே நான்கு நாளுக்கு மேல் விடுமுறை இருந்தால் மட்டும் மேலே போய் இரண்டு இரவு தூங்கிவிட்டு வாருங்கள், அந்தக் குளிரில் தூக்கம் வரும். புத்தகப் பையைக் கொண்டு போனால் ஒரே ஒரு தாளுக்கு உரியதை மட்டும் கொண்டு போங்கள்.

உங்கள் எக்ஸ்ஆர்டி தரவு கையில் இருந்தால் உச்சங்களின் 2 தீட்டா மதிப்புகளையும் பாதி உயர அகலத்தையும் இங்கே எழுதுங்கள். 32 டிகிரிக்கு அருகில் ஏதாவது நிற்கிறதா என்று குறிப்பாகப் பாருங்கள். அதைப் பொறுத்து இன்னொரு முறை துகள் செய்ய வேண்டுமா, இருப்பதையே எழுதலாமா என்று சொல்லிவிடலாம்.